ஒன்றுக்கு சைபர்: இவிச் பற்றிய நாட்குறிப்பு

ஜூன் 17, 2025

கிளப் உலகக் கோப்பையில் போர்ச்சுகல் கிளப்பான போர்ட்டோவின் முதல் ஆட்டம் பால்மெய்ராஸோடு 0-0 என்று முடிந்தது. சுவாரசியமே இல்லை. போர்ட்டோ முதன்முதலாக உலக சாம்பியன் ஆன 1987 எப்படி இருந்தது என்று பார்க்கப் போய், அப்போதைய பயிற்சியாளரிடம் மாட்டிக்கொண்டேன். தோமிஸ்லாவ் இவிச். 1933-ல் க்ரோயேஷியாவின் ஸ்ப்லிட்டில் பிறந்தவர். போன ஊர்களை எழுதிப் பார்த்தால் ரயில்வே அட்டவணை மாதிரி நீள்கிறது: ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், இஸ்தான்புல், அவெல்லினோ, ஏதென்ஸ், போர்ட்டோ, பாரிஸ், மாட்ரிட், மார்சேய், லிஸ்பன், தெஹ்ரான். இன்னும் சில விட்டுப்போயிருக்கும்.

அவர் தொடங்கிய காலத்தில் க்ரோயேஷியா தனி நாடு இல்லை. யூகோஸ்லாவிய லீக்கில் பெல்கிரேடு அணிகளோடு மோத வேண்டும். சொந்த ஊர் கிளப்பான ஹைதுக்குக்கு 1974, 1975 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். புல்யான், யெர்கோவிச், ஷுர்யாக், ஜுங்குல் எல்லாம் அந்த அணியில் இருந்தவர்கள். மறு வருஷம் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் நெதர்லாந்து கிளப்பான பி.எஸ்.வி.யை ஸ்ப்லிட்டில் 2-0 என்று ஜெயித்துவிட்டு, ஐந்தோவனில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று தோற்று வெளியே வந்தார்கள். இரண்டு கோல் முன்னிலையைக் காப்பாற்ற முடியாமல் போன இரவு அது. அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் முன்னிலையைக் காப்பாற்றுவதில்தான் குறியாக இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, சும்மா ஓர் ஊகம்.

ஜூன் 18

அயாக்ஸ். இந்த மனிதரைப் புரிந்துகொள்ள இங்கேதான் வர வேண்டும்.

1971 முதல் 1973 வரை வரிசையாக மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய ஆம்ஸ்டர்டாம் கிளப். அப்புறம் நட்சத்திர வீரர் க்ருய்ஃப் பார்சிலோனாவுக்குப் போனார், லீக் பட்டம்கூடக் கைக்கு எட்டவில்லை. பழைய பயிற்சியாளர் மிகெல்ஸே திரும்பி வந்து ஒரு வருஷம் பார்த்தார், நடக்கவில்லை. 1976-ல் அவர் இடத்துக்கு ஸ்ப்லிட்டிலிருந்து வந்தவர் இவிச். முதல் வருஷமே, 1977-ல், அயாக்ஸ் சாம்பியன்.

மாலை போட்டுக் கொண்டாடியிருக்க வேண்டாமா? இல்லை. ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை. எச்சரிக்கையான ஆட்டம், எதிரிக்கு இடமே கொடுக்காத ஆட்டம், முதலில் பின்னால் பூட்டு, அப்புறம்தான் மற்றது. ஜெயிப்பதை விட எப்படி ஜெயிக்கிறோம் என்பது முக்கியம் என்று நினைக்கிற ஊரில் பட்டம் ஒரு சாக்கு ஆகாது. அடுத்த வருஷம் பட்டம் பி.எஸ்.வி.க்குப் போனது, இவிச் ஸ்ப்லிட்டுக்குக் கிளம்பிவிட்டார். போன வேகத்தில் 1979-ல் ஹைதுக்குக்கு இன்னொரு லீக் பட்டம். யூகோஸ்லாவியா இருந்தவரைக்கும் ஹைதுக் வாங்கிய கடைசி லீக் பட்டம் அதுதான்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: இந்த விஷயத்தில் நான் இவிச் பக்கம். மூன்று வருஷமாகப் பட்டம் இல்லாத இடத்துக்கு வந்து முதல் வருஷமே வாங்கிக் கொடுத்தவரிடம், ஆட்டம் அழகாக இல்லை என்று குறை சொல்வது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு.

ஜூன் 20

நள்ளிரவு தாண்டிப் பார்த்தது வீண். போர்ட்டோவை இன்டர் மயாமி 2-1 என்று ஜெயித்துவிட்டது. மெஸ்ஸியின் ஃப்ரீகிக் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. போர்ட்டோவின் டிஃபென்ஸ் பற்றி எழுத இப்போது தெம்பு இல்லை.

பிரஸ்ஸல்ஸ் கிளப்பான ஆண்டர்லெக்ட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1980-ல் போனார், 1981-ல் பெல்ஜியப் பட்டம். கூடவே ஹைதுக் டிஃபெண்டர் பெருசோவிச்சும் அங்கே வந்து சேர்ந்தார். 1981-82 ஐரோப்பியக் கோப்பையில் யுவென்டஸையும், பிறகு பெல்கிரேடு ரெட் ஸ்டாரையும் வெளியே அனுப்பினார்கள். அரை இறுதியில் ஆஸ்டன் வில்லா. இரண்டு ஆட்டமும் சேர்த்து ஒரே ஒரு கோல், அதுவும் வில்லாவின் மோர்லி அடித்தது. ஒன்றுக்கு சைபர் கணக்கிலேயே வாழ்ந்தவர் அதே கணக்கில் வெளியேறினார்.

ஜூன் 21

இதே தேதியில்தான் 1998-ல் லியோனில் ஈரான் அமெரிக்காவை 2-1 என்று ஜெயித்தது. கோல் அடித்தவர்கள் எஸ்தீலி, மஹ்தவிகியா. உலகக் கோப்பையில் ஈரானின் முதல் வெற்றி. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் இவிச்.

மெல்பர்னில் ஆஸ்திரேலியாவோடு 2-2 ஆடித் தகுதி பெற்றுத் தந்த பயிற்சியாளர் வியேராவை மாற்றிவிட்டு, இவரைக் கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன்பு ரோமா கிளப்போடு ஒரு நட்பு ஆட்டம். 7-1 தோல்வி. உடனே வேலை போயிற்று, ஜலால் தாலேபி வந்தார். வாழ்நாள் முழுக்க கோல் விடாமல் இருப்பதையே தொழிலாக வைத்திருந்தவரை, ஏழு கோல் விட்டார் என்று அனுப்பினார்கள். அதே உலகக் கோப்பையில் அவருடைய சொந்த நாடு, பிளாஜெவிச்சின் கீழ், முதல் வருகையிலேயே மூன்றாம் இடம் பிடித்தது.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. போர்ட்டோ உலக சாம்பியன் ஆன டோக்கியோ ஆட்டத்தின் பழைய வீடியோவைப் பார்த்து முடித்தேன். 1987 டிசம்பர் 13, போர்ட்டோவும் உருகுவேயின் பெனாரோலும்.

மைதானம் முழுக்கப் பனி. புல் கண்ணில் படவில்லை, கோடு எது என்று தெரியவில்லை. பாஸ் கொடுத்தால் பந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. இதில் எந்தத் திட்டம் எடுபடும்? ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. பந்து உருளாத இடத்தில் எல்லோரும் நெருங்கி நிற்பதும், மோதலில் தெறித்து விழும் பந்துக்கு முதலில் பாய்வதும்தான் ஆட்டம். அது இவிச் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்துவந்த பாடம்தானே. முதல் பாதியில் போர்ட்டோவின் கோமஸ் ஒன்று அடித்தார். ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது பெனாரோலின் வியேரா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் போர்ட்டோவின் மாட்ஜெர் தூரத்திலிருந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். 2-1.

அந்த சீசனை நினைத்தால் இன்னும் ஆச்சரியம். மே மாதம் வியன்னாவில் பயர்னை ஜெயித்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியது முந்தைய பயிற்சியாளர் ஆர்தூர் ஜோர்ஜ். அவர் பாரிஸுக்குப் போக, உச்சியில் இருந்த அணியை இவிச் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, விழுவதற்கு மட்டும்தான் இடம். அவரோ டோக்கியோ கோப்பை, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, போர்ச்சுகல் லீக், போர்ச்சுகல் கோப்பை நான்கையும் வாங்கினார். வெற்றிக்கு இரண்டே புள்ளி கொடுத்த அந்தக் காலத்தில் இரண்டாவது வந்த பென்ஃபிகாவை விட 15 புள்ளி அதிகம்! சூப்பர் கோப்பையில் எதிரணி யார்? அயாக்ஸ். ஆம்ஸ்டர்டாமில் ருய் பாரோஸ் அடித்து 1-0, போர்ட்டோவில் சோசா அடித்து 1-0. முதல் ஆட்டத்தில் அயாக்ஸ் பெஞ்சில் இருந்தவர் க்ருய்ஃப். பழைய கிளப்புக்கு இதை விட நாசூக்காகப் பதில் சொல்ல முடியாது.

ஒரே வருஷம். அப்புறம் அவரும் பாரிஸுக்குப் போய்விட்டார்.

ஜூன் 24

காலையில் எழுந்து ஸ்கோரைப் பார்த்தேன்: போர்ட்டோ 4, அல் அஹ்லி 4. இவிச் 2011-ல் இறந்தது இதே ஜூன் 24 அன்று. நல்ல தேதியாகப் பார்த்துத்தான் நான்கு கோல் விட்டிருக்கிறார்கள்.

அத்லெடிகோ மாட்ரிடில் 1990-91-ல் அவருக்குக் கீழே ஆடிய கோல்கீப்பர் அபெல், லீக்கில் 1,275 நிமிஷம் ஒரு கோலும் விடவில்லை. ஹிஹோன் அணியின் லூயிஸ் என்ரிகேதான் கடைசியில் அதை உடைத்தார். அணி பார்சிலோனாவுக்கு அடுத்து இரண்டாவது இடம். இருந்தும் சீசன் முடிவதற்குள் தலைவர் ஹில் அவரை அனுப்பிவிட்டார். ஹில்லுக்குப் பயிற்சியாளர்களை மாற்றுவது பொழுதுபோக்கு, அதனால் இதில் இவிச்சைக் குறை சொல்ல மாட்டேன்.

பாரிஸ் கதைதான் நெஞ்சை அறுக்கிறது. 1989 மே 5, மார்சேயில் பட்டத்தைத் தீர்மானிக்கிற ஆட்டம். கடைசி நிமிஷம் வரைக்கும் 0-0. மார்சேயின் சோசே வெகு தூரத்திலிருந்து விட்ட ஒரு ஷாட், பாரிஸ் கோல்கீப்பர் பாட்ஸுக்கு எட்டவில்லை. பட்டம் மார்சேய்க்கு, பாரிஸ் இரண்டாமிடம். இன்றைக்கும் அந்த கோலின் வீடியோ சுற்றுகிறது. அதற்கு முந்தைய 89 நிமிஷத்தை, எதிரணி ஊரிலேயே அவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காத அந்த 89 நிமிஷத்தை, யார் தேடிப் பார்க்கிறார்கள்?

ஜூலை 8

போர்ட்டோ பயிற்சியாளர் அன்செல்மியை அனுப்பிவிட்டது. புதிதாக வந்திருப்பவர் ஃபாரியோலி என்ற இத்தாலியர். போன சீசனில் அயாக்ஸில் இருந்தவர். அங்கே ஐந்து ஆட்டம் மிச்சம் இருக்கும்போது ஒன்பது புள்ளி முன்னிலையைத் தொலைத்து, பட்டத்தை பி.எஸ்.வி.யிடம் விட்டார். ஆட்டம் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறது என்று ஆம்ஸ்டர்டாம்காரர்கள் வருஷம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவிச் அங்கே பட்டம் வாங்கியே திட்டு வாங்கினார், இவர் வாங்காமல். சரி, ஆகஸ்டில் லீக் தொடங்கட்டும். போர்ட்டோ விடுகிற கோல்களை இந்தத் தடவை நான் எண்ணப் போகிறேன்.