அரிசி மாவு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்

லிஸ்பனில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு பஷ்தெலரியா இருக்கும். கேக்கும் காபியும் விற்கும் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில், போர்ச்சுகலுக்கே பேர் வாங்கிக் கொடுத்த பஷ்டெல் டி நாட்டா, அதாவது அடுக்கு மாவுக் கிண்ணத்தில் முட்டைக் கஸ்டர்டு நிரப்பிச் சுட்ட பண்டம், மினுமினுக்கும். வெளியூர்க்காரர்கள் அதை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்வரிசையில் இடுப்பில் வேட்டி சுற்றியது போல ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றிக்கொண்டு, குட்டை டம்ளர் உயரத்தில் நிற்பதுதான் போலு டி அரோஸ். போலு என்றால் கேக், அரோஸ் என்றால் அரிசி. தாளிலேயே பெயர் அச்சடித்திருக்கும். தலையில் மட்டும் சர்க்கரை பொரிந்து நிற்கும்.

நாட்டாவை வீட்டில் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த அடுக்கு மாவுக்குக் கை பழக வருஷக்கணக்காகும். ஆனால் இது அரிசி மாவுதானே? இடியாப்பம் பிழிந்த கை, கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடித்த கை. இந்த நினைப்புதான் என் முதல் மூன்று சனிக்கிழமைகளைத் தின்றது.

ஜனவரியில் தொடங்கினேன். அரிசி கேக் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று முழுக்க அரிசி மாவே போட்டேன், 300 கிராம். ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த இடியாப்ப மாவு. வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், மூன்று முட்டை, பால் 150 மில்லி, ஒரு எலுமிச்சம்பழத் தோலின் துருவல். வறுத்த மாவு பாலை மொத்தமாகக் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்றது. மேலும் 100 மில்லி ஊற்றினேன். வெந்து வந்ததைக் கையில் எடுத்தால் புட்டு போல உதிர்ந்தது. ருசி மோசமில்லை. கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்று தீர்த்தோம்.

அதற்குப் பிறகுதான் கடையில் விசாரித்தேன். அரிசி மாவோடு மைதாவும் சேர்க்கிறார்கள். பேக்கிங் பவுடர் கிளப்பும் குமிழிகளைக் கோதுமையின் குளூட்டன் வலை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியில் அந்த வலை இல்லை, அதனால் எழும்பியது அப்படியே சரிந்துவிடுகிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பெயரை நம்பி வாங்கிவிடக்கூடாது.

இரண்டாவது சனிக்கிழமையை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அரிசி மாவு பாதி, மைதா பாதி என்று முடிவு செய்து ஒரு மைதாப் பொட்டலம் வாங்கினேன். அதில் 'கோம் ஃபெர்மெந்து' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல வந்துவிட்டேன். பேக்கிங் பவுடரை ஏற்கெனவே கலந்து விற்கும் மாவு என்று அதற்கு அர்த்தம். நான் வேறு இரண்டு தேக்கரண்டி பவுடர் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் அடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொங்கல் பானை தோற்றுவிடும். எல்லாம் பொங்கித் தட்டில் வழிந்து, நடுவில் குழி விழுந்து, கடைசியில் நாக்கில் சோடா உப்புக் கசப்பு.

குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். லிஸ்பனின் பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி கிடையாது. ஜனவரியில் என் சமையலறையில் வெண்ணெய் கல்லாகக் கிடக்கும். அதைச் சர்க்கரையோடு அடித்துக் குழைத்து, குளிர்ந்த முட்டையை உடைத்து ஊற்றினால் கலவை திரிந்த பால் போலப் பிரிந்துவிடுகிறது. இப்போது பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி வெண்ணெயை இளக்குகிறேன். முட்டைகளையும் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுக்கிறேன்.

மூன்றாவது முறைக்கு வளையங்கள் வாங்கினேன். இந்தக் கேக்குக்கு அடியுள்ள அச்சு கிடையாது. தட்டில் தாள் விரித்து, அதன்மேல் எவர்சில்வர் வளையத்தை நிறுத்தி, உட்புறம் தாள்பட்டையைச் சுற்றி மாவை ஊற்றவேண்டும். வெந்தபின் வளையத்தை உருவிவிட்டால் தாள் கேக்கோடு தங்கிவிடும். என் வளையம் 6 செ.மீ. குறுக்களவு, எட்டு வாங்கினேன். அதற்குத் தாள் 22 செ.மீ. நீளம் வெட்டினால் ஓரம் ஒன்றின்மேல் ஒன்று 3 செ.மீ. ஏறி நிற்கும். அகலம் 8 செ.மீ. இத்தனை கணக்குப் பார்த்தும் மாவு இட்லி மாவு பதத்தில் இருந்ததால் வளையத்தின் அடியிலிருந்து மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தது. தட்டு முழுக்க ஒரே தோசை, அதன்மேல் எட்டுக் கோபுரங்கள். இட்லி மாவுக்கும் வடை மாவுக்கும் நடுப்பட்ட பதம்தான் சரி; கரண்டியைச் சாய்த்தால் விழ யோசிக்கவேண்டும்.

அந்தக் கோபுரங்களில் ஒன்றைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன். எண்பது வயதை ஒட்டியவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். ஒரு கடி கடித்து, மென்று, கண்ணை மூடித் திறந்தார்.

"வாசனை சரியாக இருக்கிறது, மகளே. ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து தின்பது போல இருக்கிறது."

மணல். உண்மைதான், பல்லில் நறநறத்தது. நான் அதை அரிசியின் குணம் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

இடையில் ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போகவில்லை. வேறு வேலையாகத் தெற்கே அல்காசெர் டு சால் போனேன். சாது ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊர். குளிர்காலமானதால் வயல்களில் பயிர் இல்லை. தண்ணீர் நின்ற வயல்களையும் கூடு கட்டியிருந்த நாரைகளையும் பார்த்தபோது ஒரு நொடி தஞ்சாவூர்ப் பக்கம் போய் வந்தது போலிருந்தது. அரோஸும் அரிசியும் காதுக்கு எவ்வளவு நெருக்கம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். போர்ச்சுகீசியர்கள் அந்தச் சொல்லை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாம் அவர்களிடம் மேசையும் சாவியும் ஜன்னலும் வாங்கினோம்.

அந்தப் பயணத்தில்தான் மண்டையில் தட்டியது: நான் மாவை ஊறவே வைக்கவில்லை! நம் வீட்டில் அரிசியை ஊறவைக்காமல் எதையாவது செய்வோமா? அதிரசத்துக்கு ஈர மாவு, இடியாப்பத்துக்குக் கொதிநீர். இங்கே மட்டும் உலர்ந்த மாவைக் கொட்டி, இருபது நிமிடத்தில் வெந்துவிடு என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் முறை: வறுக்காத உள்ளூர் அரிசி மாவு 150 கிராமை மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலித்து, வெதுவெதுப்பான பால் 170 மில்லியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். மைதா 150 கிராமையும் பேக்கிங் பவுடரையும் கடைசியில்தான் சேர்த்தேன். நறநறப்பு முக்கால்வாசி போய்விட்டது. அடுத்த முறை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைத்துப் பார்த்தேன். பல்லில் எதுவும் தட்டவில்லை, கேக்கும் இரண்டு நாள் காயாமல் இருந்தது. (காலையில் பாலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள மறந்தால் வெண்ணெய் மறுபடி திரியும். மறந்தேன். திரிந்தது.)

மிச்சம் இருந்தது தலையில் நிற்கும் சர்க்கரை மகுடம். மாவை ஊற்றியதும் தூவினால் நனைந்து கரைந்து காணாமல் போகிறது. அடுப்பில் வைக்கும் கடைசி நொடியில், ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி என்று கை கூசாமல் தூவவேண்டும். முதல் பத்து நிமிடம் 200 டிகிரி, பிறகு 180. மேல்பகுதி வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் சர்க்கரை பழுப்பேறிப் பக்குக் கட்டுகிறது. விரலால் தட்டினால் டக் என்கிறது.

நேற்று ஆறாவது முறை. எட்டில் ஏழு நேராக நின்றன, ஒன்று பைசா கோபுரம். கீழ்வீட்டு அம்மாளுக்கு இரண்டு கொண்டுபோனேன். அவர் தாளின் நுனியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி உரித்தார், தாளில் ஒட்டியிருந்த துணுக்குகளை முன்பல்லால் சுரண்டித் தின்றார், அதன் பிறகே கேக்கைக் கடித்தார். மணலைப் பற்றிப் பேச்சே இல்லை.

"அடுத்த ஞாயிறு என் மகன் குடும்பத்தோடு வருகிறான். பன்னிரண்டு செய்துவிடு. முட்டை நான் தருகிறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். இன்னும் நான்கு வளையம் வாங்கவேண்டும்.