லீவர் ரைஃபிளில் காலிக் கூடு வெளியே விழாத கோளாறு: கழற்றிப் பார்த்ததும் சரிசெய்ததும்

லீவர் ரைஃபிளில் விசைக்குக் கீழே இருக்கும் கைப்பிடியான லீவரை முழுசாக இறக்கினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வலப்பக்கம் துள்ளிப் போய் விழ வேண்டும். என்னுடைய .357 மேக்னம் லீவர் ரைஃபிளில் கொஞ்ச நாளாக அது நடக்கவில்லை. கூடு சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) விட்டு வெளியே வருகிறது, ஆனால் பறப்பதில்லை. இயங்கும் பாகங்கள் இருக்கும் உடல் பகுதியான ரிசீவருக்குள்ளேயே சோம்பலாகப் படுத்துக்கொள்கிறது. அதைக் கவனிக்காமல் லீவரை மூடினால் போல்டுக்கும் (லீவரோடு முன்னும் பின்னும் நகர்ந்து சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) சேம்பர் வாய்க்கும் நடுவில் மாட்டி நசுங்குகிறது. ரைஃபிளைக் கவிழ்த்துக் குலுக்கினால் விழுந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குலுக்கிக் குலுக்கிச் சுடுவது லீவர் ரைஃபிளே இல்லை.

இது பழைய, நிறையச் சுடப்பட்ட ரைஃபிள். மேல்பக்கம் முழுக்க மூடியிருக்கும், கூடு பக்கவாட்டில் வெளியேறும். மார்லின் 1889-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வின்செஸ்டரின் பழைய 1894 மாடலில் மேலே திறந்திருக்கும், கூடு மேலாக எகிறும். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கூடு எந்தப் பக்கம் போகிறது, அதைத் தட்டும் பாகம் எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கீழே சொல்வதெல்லாம் பக்கவாட்டு வகைக்கு.

கூடு வெளியே போவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று இழுப்பது, இன்னொன்று எறிவது. போல்டின் வலப்பக்க முன்னால் இருக்கும் கொக்கிதான் எக்ஸ்ட்ராக்டர். அது கூட்டின் விளிம்பைப் பிடித்துச் சேம்பரிலிருந்து பின்னால் இழுக்கிறது. ரிசீவரின் இடச்சுவரில் பட்டையாக உட்கார்ந்திருப்பது எஜெக்டர். போல்டின் இடப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. எஜெக்டரின் முனை அதற்குள் இருக்கும். போல்ட் கடைசிவரை பின்னால் போகும்போது அந்த முனை போல்ட் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு வந்து கூட்டின் அடியை இடப்பக்கம் தட்டுகிறது. வலப்பக்கம் கொக்கி பிடித்திருப்பதால், கதவு கீலில் திரும்புகிற மாதிரி கூடு கொக்கியில் திரும்பி, வாய்ப்பக்கம் வலது பக்கமாகச் சுழன்று வெளியே பறக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: கொக்கி தளர்ந்தால் இழுப்பு மட்டும் கெடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கூடு திரும்புவதற்குப் பிடிமானமே கொக்கிதான். எஜெக்டர் தட்டும் நேரத்தில் விளிம்பு கொக்கியிலிருந்து நழுவினால் கூடு சுழலாது, அப்படியே கீழே விழுந்துவிடும். பார்க்கிறவருக்கு அது எஜெக்டர் கோளாறு மாதிரியே தெரியும். அதனால் எதையும் வளைப்பதற்கும் தேய்ப்பதற்கும் முன்னால் கூடு எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குழல் பாதுகாப்பான திசையில் இருக்க வேண்டும். லீவரைத் திறந்து சேம்பரை வெளிச்சத்தில் கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய் மேகசினில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு தங்கியிருக்க வாய்ப்பு உண்டு; அதனால் தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயர் கண்ணுக்குத் தெரியும்வரை நம்பக் கூடாது. உண்மையான தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். வேலை மேசையில் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவும் சுட்டுக் காலியான கூடுகளும் மட்டும்தான்.

டம்மி தோட்டாவையும் காலிக் கூட்டையும் ஒன்றாக நினைக்க முடியாது. டம்மி நீளம், கனம். அது வெளியே போகிற விதமே வேறு. கோளாறு காலிக் கூட்டில்தான் என்றால் சோதனையும் காலிக் கூட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு கூட்டைக் கையாலேயே சேம்பருக்குள் விட்டு, லீவரை மெதுவாக மூடி, பிறகு வெவ்வேறு வேகத்தில் திறந்து பார்த்தேன். சட்டென்று இழுத்தால் பாதிக்கு மேல் பறந்தன. மெதுவாக இழுத்தால் ஒன்றுகூடப் பறக்கவில்லை. கொஞ்சம் வேகம் குறைந்தால் கூடு பக்கத்திலேயே விழுவது இந்த வகையில் சகஜம்தான், ஏனென்றால் எஜெக்டர் அசையாமல் நிற்கிறது. எறிகிற வேகம் முழுக்க லீவர் வேகத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் கூடு வெளியேறும் துவாரத்தைத் தாண்டக்கூட முடியவில்லை என்றால் அது சகஜம் இல்லை.

லீவரை இஞ்ச் இஞ்சாகத் திறந்து, டார்ச் அடித்து, துவாரம் வழியாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சேம்பரை விட்டு வாய்ப்பக்கம் விடுபட்டதும் கூடு தொங்கிப் போனது. அடிப்பக்கம் போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்காமல் ஒரு மெல்லிய இடைவெளி. கொக்கி பிடித்திருந்தது, ஆனால் இறுக்கிப் பிடிக்கவில்லை.

சரி, கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். இந்த வகையில் போல்டைக் கழற்றுவது ரொம்பச் சுலபம். லீவரைப் பாதி திறந்து வைத்து, லீவர் ஸ்க்ரூவைக் கழற்றி, லீவரைக் கீழே உருவினால் போல்ட் பின்பக்கமாக வழுக்கி வந்துவிடும். போல்ட் போனதும் எஜெக்டர் தானாகவே சுவரிலிருந்து விடுபட்டு உள்ளே விழும். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுக்க நிரப்பும் அகலமும் தடிமனும் உள்ள திருப்புளி வேண்டும், இணையான பக்கங்கள் உள்ளதாக. வீட்டு உபயோகத்துக்கான கூம்பு முனைத் திருப்புளி பள்ளத்தின் உதட்டைப் பிய்த்துவிடும்.

கையில் எடுத்த போல்டைப் பார்த்தால், கொக்கிக்கு அடியில் கறுப்பாக ஒரு அடை. மரக்குச்சியால் சுரண்டினேன். மேலே காய்ந்த எண்ணெய், அதற்குக் கீழே கெட்டிப்பட்ட கரி, அதற்குள் பித்தளைத் துகள்கள் மினுமினுத்தன. விளிம்பு கொக்கிக்குள் முழுசாக ஏறவே இடமில்லாமல் இருந்திருக்கிறது. கரைப்பானில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பக் குச்சியால் எடுத்து, கொக்கியின் உள்மூலை பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை.

அப்புறம் ஒரு எளிய சோதனை. போல்டைக் கையில் பிடித்து, காலிக் கூட்டின் விளிம்பைக் கொக்கிக்கு அடியில் சறுக்கி விட வேண்டும். கூடு தானாக நின்றால், போல்டை லேசாக ஆட்டினாலும் விழாமல் இருந்தால், கொக்கிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்வதற்கு முன்னால் தொங்கிய கூடு இப்போது நிமிர்ந்து நின்றது. கொக்கியின் முனையை லென்ஸில் பார்த்தேன். ஓரம் உடையவில்லை, மழுங்கவும் இல்லை. அதனால் எக்ஸ்ட்ராக்டரை வளைக்கும் பேச்சுக்கே போகவில்லை. இறுக்கம் கூட்டுகிறேன் என்று வளைத்து உடைத்த கதைகள் நிறைய உண்டு. அப்படித் தேவைப்பட்டால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

எஜெக்டர் பக்கம் வந்தால் வேறு கதை. அது ஒரு பட்டை, அதன் மேல் மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று. ரிசீவர் சுவரில் உள்ள சின்னத் துளைக்குள் உட்காரும் ஒரு முளை. அந்தத் துளையிலும் அழுக்கு அடைத்திருந்ததால் முளை முழுசாக உள்ளே இறங்கவில்லை. பட்டை சுவரோடு சரியாக ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தேன். ஆனால் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினால் சரியாகத் திமிறவில்லை. புது எஜெக்டரை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது; பழையதன் ஸ்பிரிங் தகடு படிந்து போயிருந்தது. முனையும் மூலை தேய்ந்து உருண்டிருந்தது. மாற்றிவிட்டேன்.

இதற்கு நடுவில் சேம்பரையும் பார்க்காமல் விட முடியாது. .357 மேக்னம் ரைஃபிளில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் சுடலாம், நானும் பெரும்பாலும் அதைத்தான் சுடுகிறேன். விலை குறைவு, உதைப்பும் குறைவு. ஆனால் .38 கூடு சுமார் 29.3 மில்லிமீட்டர், .357 கூடு சுமார் 32.8 மில்லிமீட்டர். குட்டைக் கூடு முடியும் இடத்துக்கு முன்னால், சேம்பர் சுவரில், சுடச் சுட ஒரு கரி வளையம் படிந்துவிடும். பிறகு நீளமான .357 கூட்டைப் போட்டால் அதன் வாய் அந்த வளையத்தில் போய் உட்கார்ந்து இறுகும். லீவரை இழுக்கக் கஷ்டம், இழுப்பு பாதியில் தயங்கும், வேகம் போய்விடும். வேகம் போனால் எறிவதும் போச்சு. என் கோளாறு .38-லும் வந்ததால் இது முதல் காரணம் இல்லை, ஆனால் .357-இல் அதிகமாக வந்ததற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

பக்கவாட்டு வகையில் போல்டைக் கழற்றியதும் ரிசீவரின் பின்பக்கம் திறந்துவிடுகிறது. அதனால் சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்தே விடலாம். குழல் வாய் தேயும் பயம் இல்லை. சேம்பருக்கென்றே உள்ள தடிமனான வெண்கல பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுழற்றித் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். கடைசியில் சேம்பரை உலர விட வேண்டும். எண்ணெய் மினுங்கும் சேம்பரில் கூடு சுவரைப் பிடிக்காது; சுடும்போது போல்டின் மேல் பாரம் கூடும்.

திரும்பப் பூட்டுவதில் ஒரே ஒரு இடத்தில்தான் பொறுமை வேண்டும். எஜெக்டரின் முளையைத் துளைக்குள் உட்கார வைத்து, விரலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே, போல்டின் பள்ளம் அதன் மேல் ஏறும்படி தள்ள வேண்டும். சுத்தியல் (விசையை இழுத்ததும் முன்னால் வந்து அடிக்கும் பாகம்) பின்னால் சாய்ந்த நிலையில் இருக்க வேண்டும். முளை சரியாக உட்காராவிட்டால் போல்ட் பாதியில் நின்றுவிடும்; அங்கே அமுக்கினால் எஜெக்டர் வளையும். வெளியே எடுத்துத் திரும்ப முயல்வதே வழி. போல்ட் உள்ளே போனதும் லீவரின் நுனியைப் போல்டின் காடியில் மாட்டி ஸ்க்ரூவை இறுக்கலாம். அந்த ஸ்க்ரூ தளர்ந்தால் லீவர் ஆடும். போல்ட் கடைசிவரை பின்னால் போவதும் அதனால் குறையலாம்.

காலிக் கூடுகளை வைத்துத் திரும்பச் சோதித்தபோது மெதுவாக இழுத்தாலும் துவாரத்தைத் தாண்டி விழுந்தன. சுடுதளத்தில் இரண்டு வகைத் தோட்டாவும் சுட்டேன். கூடுகள் எல்லாம் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குவிந்தன. பத்துத் திசைக்குச் சிதறாமல் ஒரே இடத்தில் குவிவதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். கொக்கியும் எஜெக்டரும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு இருக்கிறது: மேகசினிலிருந்து இரண்டாவது தோட்டா கேரியருக்கு (தோட்டாவைச் சேம்பர் உயரத்துக்குத் தூக்கும் பாகம்) அடியில் நழுவி, லீவரே அசையாமல் பூட்டிக்கொள்வது. அது கேரியரும் லீவரும் தேய்வதால் வருவது, எஜெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே மாதிரி, சுட்ட பிறகு கூடு சேம்பரை விட்டு வரவே மறுத்து, கூட்டின் அடியில் இருக்கும் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டையாகிப் போயிருந்தாலோ கூட்டில் விரிசல் தெரிந்தாலோ, சுத்தம் செய்யக் கிளம்பாமல் சுடுவதையே நிறுத்த வேண்டும். தோட்டாவின் அழுத்தம் அதிகமா, ரைஃபிளில் வேறு கோளாறா என்று துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது நான் செய்வது அதிகம் இல்லை. .38 சுட்டு வந்த ஒவ்வொரு முறையும் சேம்பர் பிரஷ் கட்டாயம். கொக்கிக்கு அடியில் மரக்குச்சி ஒரு தடவை. போல்ட் சறுக்கும் இடங்களில் எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். சொட்டச் சொட்ட விட்ட எண்ணெய்தான் கரியோடு சேர்ந்து அந்தக் கறுப்பு அடையாக மாறுகிறது. லீவர் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரே நாளில் இரண்டு வகையும் சுடுவதாக இருந்தால் நீளமான .357-ஐ முதலில் முடித்துவிட்டு, .38-ஐக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.