யாக்கோபின் வீட்டுச் செல்லப்பிள்ளை

ஜூலை 6

பைபிளில் ஆதியாகமம், 25-ஆம் அதிகாரம். ஈசாக்குக்கு 40 வயதில் கல்யாணம், 60 வயதில்தான் பிள்ளைகள். அவ்வளவு ஜெபித்துப் பெற்ற இரட்டையரை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவன் ஏசாவின் வேட்டை இறைச்சி வாய்க்கு ருசியாக இருந்ததால் அப்பாவுக்கு அவன். அம்மா ரெபெக்காளுக்கு இளையவன் யாக்கோபு.

மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தாரே என்று ரெபெக்காளுக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். தம் வாக்கை நிறைவேற்றக் கடவுளுக்குத் தெரியாதா? அதற்காகப் பெற்ற தாய் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்க வேண்டியதில்லை.

ஜூலை 7

27-ஆம் அதிகாரம் தாங்க முடியாதது. ஈசாக்கு ஏசாவுக்குக் கொடுக்கவிருந்த ஆசீர்வாதத்தை யாக்கோபு தட்டிக்கொள்ள, ஏசாவின் நல்ல உடுப்பை எடுத்து யாக்கோபுக்கு உடுத்திவிடுகிறாள் அம்மா. வெள்ளாட்டுக்குட்டித் தோலை அவன் கைகளிலும் கழுத்திலும் போர்த்துகிறாள். பார்வை மங்கிய கணவன் தடவிப் பார்ப்பான் என்று தெரிந்தே செய்கிறாள். இவளுக்கு இரண்டு பேரும் மகன்கள்தானே!

கொஞ்ச நேரத்தில் ஏசா சமைத்து எடுத்துக்கொண்டு வருகிறான். நடந்தது தெரிந்ததும் ‘என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்’ என்று சத்தமிட்டு அழுகிறான். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணமானவன். அது சொத்துக்கான அழுகையாக எனக்குப் படவில்லை. உம்மிடத்தில் ஒரே ஆசீர்வாதம்தானா என்று கேட்கிறானே, அந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் கேட்கப்படாமலே கிடக்கிறது.

அப்புறம் அண்ணன் கோபம் தணியும்வரை சில நாள் என் அண்ணன் லாபான் வீட்டில் இரு என்று செல்ல மகனை அனுப்பிவைக்கிறாள் ரெபெக்காள். அந்தச் சில நாள் 20 வருஷமாயிற்று. அம்மாவும் மகனும் மறுபடி சந்தித்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 10

இன்று 33. பலமுறை வாசித்தும் கவனிக்காமல் கடந்துபோன இடம்.

ஏசா 400 ஆட்களோடு வருகிறான். பயந்துபோன யாக்கோபு குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். முதலில் வேலைக்காரிகளும் அவர்கள் அவனுக்குப் பெற்ற பிள்ளைகளும். அடுத்து மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும். கடைசியில், பத்திரமான இடத்தில், ஆசை மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும்.

முன்வரிசையில் தாணும் நப்தலியும் காத்தும் ஆசேரும் நின்றிருப்பார்கள். சிறுவர்கள்தான், ஆனால் எதற்காக முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று புரியாத வயதா? வெட்டு விழுந்தால் முதலில் நம்மேல்தான். ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா மனதில் தங்களுக்கு எந்த இடம் என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்பா யோசேப்புக்குக் கொடுத்த பலவருண அங்கியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கென்னவோ, அது அந்த வரிசையிலேயே தொடங்கிவிட்டது.

ஜூலை 11

37. யோசேப்புக்கு 17 வயது. அங்கி, சொப்பனங்கள், அண்ணன்மார் அவனைப் போட்ட குழி, அவனை விற்ற 20 வெள்ளிக்காசு. அங்கியை வெள்ளாட்டுக்கடா ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் காட்டுகிறார்கள். ஆட்டுத்தோலால் தன் அப்பாவை ஏமாற்றியவன் யாக்கோபு.

அண்ணன்மார் செய்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனை அவர்கள் நடுவில் அந்த அங்கியோடு நடமாட விட்டது அப்பா. ஓரவஞ்சனையின் அடி கடைசியில் செல்லப்பிள்ளையின் தலையில்தான் விழுந்தது.

ஜூலை 14

44. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இப்போது யோசேப்பின் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்கிறான். அப்பா மாறவே இல்லை. ‘என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்’ என்று இவர்களிடமே சொல்லியிருக்கிறான். ஆறு ஆண்பிள்ளைகளைப் பெற்ற லேயாளின் மகன் அந்தப் பேச்சை அப்படியே, கசப்பில்லாமல், எகிப்தின் அதிபதிமுன் ஒப்பிக்கிறான், அது யோசேப்புதான் என்று தெரியாமலே. அந்தக் கிழவன் செத்துப்போகக் கூடாது என்பது மட்டும்தான் அவன் கவலை. இப்படி ஒரு பிள்ளை கிடைக்க யாக்கோபு என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 16

48. சாகப்போகும் யாக்கோபு யோசேப்பின் பிள்ளைகளான பேரன்களை ஆசீர்வதிக்கிறான். கைகளைக் குறுக்கே போட்டு, வலதுகையை இளையவன் எப்பிராயீம் தலையில் வைக்கிறான். யோசேப்புக்குப் பிடிக்கவில்லை. அங்கி போட்டு வளர்ந்த அதே யோசேப்பு அப்பாவின் கையைப் பிடித்து மனாசேயின் தலைக்கு மாற்றப் பார்க்கிறான். இவன்தான் மூத்தவன் என்கிறான். தெரியும் மகனே, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிழவன் கையை எடுக்கவில்லை.