அவரா, அவர்களா?

பிங்கோ பிளேயர்ஸ் என்ற நெதர்லாந்து நடன இசைக் குழுவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறேன். "இசையமைக்கிறார்" என்று எழுதுவதா, "இசையமைக்கிறார்கள்" என்று எழுதுவதா? தமிழில் வினைமுற்றிலேயே ஒருவரா, பலரா என்பது தெரிந்துவிடுகிறது. அதை மறைத்து எழுத வழியில்லை.

2012 செப்டம்பரில் மேற்படிப்புக்காக ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அது நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய என்ஸ்கெடே நகரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர். திருப்பூர்க்காரனான எனக்குப் பழைய ஆலைகளின் செங்கல் சுவர்களைப் பார்த்ததும் ஊர் உடனே பிடித்துப்போயிற்று. என் அறை நண்பன் கரூர்க்காரன். எனக்கு முந்தைய வருடமே வந்தவன். முதல் வாரத்தில் ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, "இதைக் கேளுடா, இவங்க இந்த ஊர்க்காரங்க" என்றான்.

அதுதான் பிங்கோ பிளேயர்ஸின் 'ரேட்டில்'.

மார்ட்டன் ஹோக்ஸ்ட்ராட்டன், பவுல் பாய்மர். இந்த இரண்டு பேரும் 2006-இல் தொடங்கியதுதான் பிங்கோ பிளேயர்ஸ். முதல் சில வருடங்கள் கிளப்களுக்கான டிராக்குகள்தான். ஹார்லெமைச் சேர்ந்த சாக்லேட் பியூமா என்ற மூத்த ஜோடியுடன் சேர்ந்து 'டச் மீ', 'டிஸ்கோ எலக்ட்ரிக்' போன்றவற்றைச் செய்தார்கள். அந்த ஜோடி 90-களின் தொடக்கத்திலிருந்தே ஹவுஸ் இசை, அதாவது சீரான தாளத்தில் ஓடும் மின்னணு நடன இசை, செய்துவந்தவர்கள். இந்தப் பழைய டிராக்குகளை இப்போது கேட்டாலும் தாளத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது. ஆனால் எனக்கு அவர்களுடைய வருடம் என்றால் 2011தான்.

அந்த வருடம் 'க்ரை (ஜஸ்ட் எ லிட்டில்)' வந்தது. பிரெண்டா ரஸல் 1988-இல் பாடிய 'பியானோ இன் த டார்க்' பாட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து, அதைச் சுற்றி நடன இசையைக் கட்டியிருந்தார்கள். மறுவருடம் அமெரிக்க ராப் பாடகர் ஃப்ளோ ரைடா அந்த டிராக்கின் மேல் 'ஐ க்ரை' என்ற பாட்டைச் செய்தார். அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. ரஸலின் மூலப்பாட்டும் 1988-இல் அதே 6-ஆம் இடத்தைத்தான் தொட்டது. இடையில் 24 வருடங்கள். அதை இணைத்த பாலம் என்ஸ்கெடேயின் இரண்டு பேர் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

'ரேட்டில்' வேறு ஜாதி. அதில் பாட்டு வரிகள் கிடையாது. நிமிடத்துக்கு 128 அடி என்ற வழக்கமான ஹவுஸ் வேகம், அதன் மேல் கீச்சென்று எழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு சிந்த் (மின்னணு இசைக்கருவி) ஒலி. நானும் நண்பனும் அதை லேப்டாப்பில் திரும்பச் செய்து பார்க்க முயன்றோம். மூன்று வாரம், ஒவ்வொரு இரவும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த இழுப்பின் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் அழுகை மாதிரி ஆகிவிடும், குறைத்தால் பொம்மை விசில். கிக் என்ற கனத்த டிரம் அடி விழும்போதெல்லாம் பேஸ் என்ற தாழ்சுர ஒலி ஒரு கணம் பதுங்கி மறுபடி எழ வேண்டும், இல்லையென்றால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். முதல் வாரம் நாங்கள் ஒலிகளைச் சேர்த்துக்கொண்டே போனோம். மூன்றாவது வாரம்தான் உண்மையான டிராக்கில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது காதில் விழுந்தது. அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும்போது யாராவது ஒருவர் "போதும், இதோடு விடு" என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அறையில் அதைச் சொன்னது அவன்தான். நான் சேர்த்துக்கொண்டே போகிற ஆள்.

அப்புறம் அதே டிராக்குக்கு லாஸ் ஏஞ்சலஸின் ஃபார் ஈஸ்ட் மூவ்மெண்ட் குழுவின் குரல்கள் சேர்ந்தன. 'கெட் அப் (ரேட்டில்)' என்று அது வெளியாகி, 2013 ஜனவரியில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அன்று இரவு பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பழைய சந்தைச் சதுக்கம் வரை போனோம். ஊரில் எந்த ஆரவாரமும் இல்லை. எங்களுக்கு மட்டும் ஏதோ சொந்தக்காரர் ஜெயித்த மாதிரி இருந்தது. குரல் இல்லாத மூல வடிவம்தான் சிறந்தது என்பது என் கட்சி, இன்றும் அதில் மாற்றமில்லை.

அதே வருடம் பவுலுக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. டிசம்பரில் அவர் இறந்துபோனார். வயது 37. முதலிடம் பிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

செய்தியைப் படித்தபோது நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய் நின்றேன். முகம்கூடச் சரியாகப் பார்த்திராத ஒரு மனிதருக்காக அப்படி ஒரு துக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாரம் அந்த ஒலியின் உள்ளே கையை விட்டுப் பார்த்திருந்தேன் அல்லவா, அதில் எது பவுலின் கை, எது மார்ட்டனின் கை என்று எனக்குத் தெரியாது. யாராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

மார்ட்டன் நிறுத்தவில்லை. பிங்கோ பிளேயர்ஸ் தொடர வேண்டும் என்பதுதான் பவுலின் விருப்பம் என்று அவர் சொன்னார். 2014-இல் 'நாக் யூ அவுட்' வந்தது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஹிஸ்டீரியா என்ற இசை வெளியீட்டு லேபிளும் தொடர்ந்தது. பிறகு ஒரு நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் ஒரே ஒருவர். அவருக்குப் பின்னால் திரையில் பன்மையில் பெயர். 'பிளேயர்' என்று அவர் அதைச் சுருக்கிக்கொள்ளவில்லை. புதிதாக இன்னொருவரைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்யவும் இல்லை. புதிய டிராக் வரும்போதெல்லாம் முதலில் அந்தப் பெயரின் கடைசி எழுத்தைத்தான் பார்க்கிறேன்.

படிப்பு முடிந்ததும் நான் ஊர் திரும்பினேன், நண்பன் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டான். இப்போது அடிக்கடி பேசுவதில்லை. ஆனால் பிங்கோ பிளேயர்ஸ் என்ன வெளியிட்டாலும் அவனிடமிருந்து முதலில் செய்தி வந்துவிடும். நான் இன்னும் எழுத்தில் 'அவர்', 'அவர்கள்' என்று தடுமாறுகிறேன். அவன் குரல் செய்தியில் எந்தத் தயக்கமும் இல்லாமல் எப்போதும்போலச் சொல்கிறான்: "டேய், அவங்க புதுசா ஒண்ணு விட்டிருக்காங்க. கேட்டுட்டுச் சொல்லு."