மாத்திரைக் கணக்கு

"எத்தனை மணி என்று எழுதட்டும், சிஸ்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். நோட்டு மடியில், பென்சில் கையில்.

"பத்து என்றே எழுதுங்கள்" என்றேன். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

இரண்டு வருடமாக இந்த இரண்டு வரிகளும் என்னை விடவில்லை. "உள்ளதை எழுதுங்கள், டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பெங்களூரில் மல்லேசுவரம் வீடு. நோயாளி மிருதங்க வித்துவான். நோட்டு வைத்திருந்த அம்மா அவர் மனைவி. கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் வந்துவிட்டது. வீடுகளுக்குச் சென்று நோயின் வேதனையைத் தணிக்கும் குழுவில் நான் நர்ஸ். வாரத்துக்கு இரண்டு முறை போனால் போதும். அங்கே மட்டும் நான்கு முறை போனேன். வழியில்தானே என்று டிரைவரிடம் சொல்வேன். அந்த வீடு வழியில் இல்லை.

மார்ஃபினுக்கு ஒரு விதி உண்டு. வலி வந்த பிறகு துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். காலை ஆறு, பத்து, இரண்டு, மாலை ஆறு, இரவு பத்துக்கு இரட்டை அளவு. இந்த மருந்து எளிதில் கைக்கு வருவதில்லை. 2014ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையைச் சுலபமாக்கினார்கள். ஆனாலும் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த நோட்டு.

ஐயாவின் வேண்டுகோள் சிறியது. ராமநவமி நெருங்கிக்கொண்டிருந்தது. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானப் பந்தலில் ஒரு காலத்தில் அவர் வாசித்தவர். இப்போது அவருடைய கடைசி சிஷ்யனுக்கு அந்த நாட்களில் ஒரு கச்சேரி வாய்த்திருந்தது. பையன் தினமும் பத்தரைக்கு வருவான். "மாத்திரை போட்டால் மாத்திரை தப்புகிறது, சிஸ்டர்" என்றார் ஐயா. எனக்கு உடனே புரியவில்லை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த மாத்திரை அது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். தூக்கம் கண்ணை அழுத்தும்போது அந்த நொடி அவருக்கு வழுக்கிவிடுகிறது. சிஷ்யன் தவறாக வாசித்தாலும் தெரிவதில்லை.

ஆகவே பத்து மணி மாத்திரையைப் பன்னிரண்டுக்குத் தள்ளலாம் என்றேன். அடுத்ததை நாலுக்கு, அதற்கடுத்ததை ஏழுக்கு நகர்த்தினால் இரவு பத்துக்குள் பழைய ஓட்டத்தில் சேர்ந்துவிடலாம். "கோர்வை சமத்துக்கு வந்துவிட்டதே" என்று அவர் சிரித்தார். கணக்காகக் கோத்த தாளக் கோவை, சுற்றின் தொடக்கத்தில் சரியாக வந்து சேர்வதை அப்படிச் சொல்வார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மருந்து நேரத்தை மாற்ற ஒரு நர்ஸுக்கு அதிகாரம் இல்லை. டாக்டரைக் கேட்டிருந்தால் அவரே சம்மதித்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படியானால் ஏன் கேட்கவில்லை?

நான்கு நாட்கள் இப்படி நடந்தது. முதல் நாள் பையன் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில், அதன் ஒலியை இறக்குவதற்காக, பிசைந்த ரவையை அப்பினான். ஐயா கட்டிலில் கண்ணை மூடியபடியே, "தொப்பி இன்னும் இறங்க வேண்டும். ரவை போதாது" என்றார். பையன் விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துத் தட்டினான். ஐயா தலையசைத்தார். மேசையில் மருந்து டப்பாவுக்குப் பக்கத்திலேயே பிசைந்த ரவைக் கிண்ணம். பிறகு அவர் தாளச் சொற்களின் கோவையான சொற்கட்டை வாயால் சொல்ல, பையன் வாசித்தான். பதினொன்றரைக்கு மேல் சொற்களுக்கு நடுவே அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. ஆனால் தாளம் நிற்கவில்லை. போர்வையின் மேல் அவர் விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன.

நான்காம் நாள் மகன் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். "அப்பா வலியில் துடிக்கிறார். நீங்கள் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா, சிஸ்டர்?"

என் கை உண்மையிலேயே என் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டோலக் வாசிப்பார். இந்தச் சங்கீதம் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, ஆனால் எண்ணிக்கை வந்திருந்தது. மகன் கேட்டதற்கு, "இது ஐயாவின் முடிவு" என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். நோயாளியின் விருப்பம் முதலில் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு நான்கு முறை அங்கே போனவள் யாருடைய விருப்பத்துக்காகப் போனாள்?

அன்று மாலை டாக்டர் வந்தார். நோட்டைப் புரட்டினார். பத்து, இரண்டு, ஆறு என்று வரிசையாக இருந்தது. வலி வந்த நேரத்தை மட்டும் அந்த அம்மா உள்ளபடியே குறித்திருந்தார்: பதினொன்றரை, பதினொன்றே முக்கால். "பத்துக்குச் சரியாகக் கொடுத்தும் பதினொன்றரைக்கு வலி வருகிறதென்றால் இந்த அளவு போதவில்லை" என்று பத்து மில்லிகிராமைப் பதினைந்தாக்கினார். அவர் கணக்கில் பிழை இல்லை. அவரிடம் போன எண்தான் பிழை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

மறுநாள் பையன் வந்தபோது ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். உறை கழற்றாத மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

கல்லீரல் கெட்டால் மயக்கம் தானாகவே வரும். கண்ணில் மஞ்சள் அதற்கு முன்பே ஏறியிருந்தது. அளவைக் கூட்டாமல் இருந்தாலும் இன்னும் இரண்டு பாடம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். என் தோழி ஒருத்தி இதையேதான் சொல்லி என்னைத் தேற்றுகிறாள். கல்லீரல் கெட்டவருக்கு மார்ஃபினைக் கூட்டும்போது இரட்டைக் கவனம் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்வதில்லை.

ஒன்பது நாள் கழித்து, வீட்டிலேயே, தூக்கத்திலேயே போனார். வலி இல்லை. மகன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற அடுத்த வாரம் போனேன். அந்த அம்மா டப்பாவையும் நோட்டையும் என் முன்னால் வைத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மேசையில் கொட்டி எண்ணினேன். நோட்டில் இருந்ததற்கும் டப்பாவில் மிச்சம் இருந்ததற்கும் ஒரு மாத்திரைகூட வித்தியாசம் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.