மும்பையில் வண்ண மீன் விலை கேட்டுத் திரிந்த கதை

மும்பையில் வண்ண மீன் வாங்க வேண்டுமென்றால் ஞாயிறு விடியற்காலையில் குர்லா ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல சரக்கெல்லாம் கைமாறியிருக்கும். செம்பூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது மருமகன் என்னை இருட்டிலேயே எழுப்பி அங்கே அழைத்துப் போனான். புதிதாக அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறான். அதன் கூடத்தில் ஓர் அரோவானா நீந்த வேண்டும் என்பது அவன் ஆசை. "வாஸ்து மீன் மாமா, வீட்டுக்கு நல்லது என்கிறார்கள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். நான் மதுரையில் பல வருடங்களாகக் கப்பி, ஏஞ்சல் மீன்களை வளர்த்து வருகிறேன். ஒரு மீனுக்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று கொடுக்கிறார்களே, அது தகுமா என்று எனக்கும் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. அதனால் சந்தோஷமாகவே கிளம்பினேன்.

நடைபாதை நெடுக பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் கால்பங்கு தண்ணீர், முக்கால்பங்கு ஆக்சிஜன், வாயில் இறுக்கிய ரப்பர் பாண்ட். வெள்ளைத் தொட்டிகளில் தங்கமீன்கள் முட்டி மோதுகின்றன. இருபது ரூபாய்க்கு ஒரு ஜோடி கப்பி கிடைக்கிறது. சரக்கில் ஒரு பகுதி சென்னை கொளத்தூரிலிருந்து வருகிறது என்று ஒரு வியாபாரி சொன்னபோது எனக்குச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல இருந்தது. கொளத்தூரில் வீட்டு மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பொரிக்க வைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். இருபது ரூபாய்க்கு விற்கும் அந்த மீனுக்குப் பின்னால் அவர்களுடைய மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது.

ஒரு பையில் மிஸ் கேரளா என்ற மீன் இருந்தது. உடலோடு ஓடும் கறுப்புக் கோடு, அதற்கு மேல் மூக்கிலிருந்து நடு உடல்வரை ஒரு சிவப்புக் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரள, கர்நாடக ஆறுகளுக்கு மட்டுமே உரிய இந்தக் கெண்டையினத்தை 1865-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே விவரித்து எழுதினார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆற்றில் அள்ளிய அள்ளும் அதற்கு ஒரு காரணம். "பண்ணையில் பொரித்ததா, ஆற்றில் பிடித்ததா?" என்று கேட்டேன். விற்றவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழகானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மீனைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு இடத்தில் விரல் நீள அரோவானாக் குஞ்சு ஒன்று 350 ரூபாய் என்றார்கள். மருமகனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அது தென் அமெரிக்க வெள்ளி அரோவானா. லட்சக்கணக்கில் விற்பது தென்கிழக்கு ஆசிய அரோவானா. இரண்டும் தூரத்து உறவு, வேறு வேறு இனங்கள். ஆனால் நான் அவனிடம் சொன்னது வேறு. இந்த 350 ரூபாய்க் குஞ்சும் மூன்றடி நீளத்தை எட்டக்கூடியது. நன்றாகத் தீனி கிடைத்தால் மாதாமாதம் கண்ணுக்குத் தெரிய வளரும். திரும்ப இடமில்லாத தொட்டியில் விட்டால் முதுகு வளைந்துவிடும். லட்ச ரூபாய் மீனுக்கு எத்தனை பெரிய தொட்டி வேண்டுமோ அதைவிடப் பெரியது இதற்கு வேண்டும். கடையில் எழுதிப் போட்டிருக்கும் விலையை வைத்து ஒரு மீனைக் கட்டுப்படியாகும், ஆகாது என்று முடிவு செய்யவே முடியாது.

மறுநாள் ரயிலேறி, சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கிக் கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு நடந்தோம். 1869-இல் கட்டி முடித்த கட்டடம். முகப்பில் உள்ள புடைப்புச் சிற்பங்களை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. பழக்கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் பறவைக் கூண்டுகள், நாய்க்குட்டிகள், மீன் தொட்டிகள். பறவைப் பகுதியில் எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. நேரே மீன்களிடம் போய்விட்டேன்.

அங்கே ஒரு ஃபிளவர்ஹார்ன், தலையில் பெரிய புடைப்போடு, கண்ணாடிக்கு அப்பால் விரலை அசைத்தால் கூடவே வந்தது. விலை 18,000. இந்த மீன் எந்த ஆற்றிலும் இல்லை. 1990-களில் மலேசியாவில் அமெரிக்க சிக்லிட் குடும்ப மீன்களைக் கலந்து உருவாக்கியது. உடம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகளில் சீன எழுத்து தெரிகிறது, புடைப்பு பெரிதானால் செல்வம் பெருகும் என்று நம்பிக்கை கிளம்பி விலை ஏறியது. மோகம் தணிந்ததும் வேண்டாத மீன்களை மலேசியா, சிங்கப்பூர் நீர்நிலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அவை அங்கிருந்த மீன்களுக்கு எமனாக முளைத்தன. மீன் அறிவாளி, ஆளை அடையாளம் கண்டு பழகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே குணமுள்ள, புடைப்பு சிறிய ஃபிளவர்ஹார்ன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி பதினேழாயிரமும் அந்தப் புடைப்புக்கு மட்டுமே. குஞ்சாக வாங்கும்போது புடைப்பு வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வந்த புடைப்பும் நோய் கண்டால் வற்றிப்போகும். இதற்குப் பணம் கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

ஆசிய அரோவானாவை வேறொரு கடையில் பார்த்தோம். பெயரும் இடமும் வேண்டாம். ஓரடி நீளத் தங்க நிறம். காசளவு செதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பளபளக்கும் விளிம்பு. தாடையில் இரண்டு மீசை. நீரின் மேல்மட்டத்திலேயே நிதானமாக, தொட்டியின் கோடிக்குப் போனதும் உடம்பை வில்லாக வளைத்துத் திரும்பியது. மருமகன் பேச்சை நிறுத்திவிட்டான். நானும்தான்.

போர்னியோவில் ஒரு காலத்தில் குழம்பு வைத்துத் தின்ற மீன் இது. காட்டு மீன்களின் எண்ணிக்கை குறைந்து, 1975-இல், அழியும் உயிர்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்த பிறகு வியாபாரம் அடைபட்டது. பண்ணையில் பிறந்து, பண்ணைத் தாய் தகப்பனுக்குப் பிறந்ததை மட்டும், பதிவு பெற்ற பண்ணைகள் விற்கலாம். ஒவ்வொரு மீனின் முதுகுச் சதையிலும் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும். அதன் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பருவத்துக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஈட்டில் சில பத்து முட்டைகள்தான். அவற்றை ஆண் மீன் தன் வாயிலேயே வைத்து ஏறக்குறைய இரண்டு மாதம் காக்கும். இந்தக் கணக்கைப் பார்த்தால் பண்ணைக்காரர் கேட்கும் விலையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடையில் 45,000 சொன்னார்கள். காகிதம் வேண்டாமென்றால் பாதிக்குத் தருகிறேன் என்று குரலைத் தாழ்த்தினார் விற்பவர். அப்படியே வெளியே வந்துவிட்டோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்கும் 2024-இல் வந்த விதிகளுக்கும் பிறகு, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் இல்லாத அரோவானா எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆற்றில் வலை போட்டுப் பிடித்ததாகவும் இருக்கலாம். அதற்குப் பாதி விலையும் அதிகம்.

"சரி மாமா, காகிதத்தோடு முழு விலைக்கே வாங்கினால்?" என்றான் ரயிலில். கைபேசியை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். இரண்டடி வளரும் மீனுக்கு ஆறடி நீளம், இரண்டரையடி அகலம், இரண்டரையடி உயரத் தொட்டியாவது வேண்டும். அதில் நிற்கும் தண்ணீர் 1,060 லிட்டர். கண்ணாடியும் இரும்புத் தாங்கியும் இல்லாமலே ஒரு டன்னுக்கு மேல். அது உட்காரும் இடம் 1.4 சதுர மீட்டர்கூட இல்லை. வீட்டு அறைகளுக்கு இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்றுதான் கணக்கு வைக்கிறது. உத்தரத்தின் மேல், சுவரோரமாக வைத்தால் தாங்கலாம். ஆனால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. இருபது வருடம் வாழக்கூடிய மீன். அத்தனை வருடமும் வாராவாரம் இருநூறு, முந்நூறு லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். துள்ளும் சுபாவம் என்பதால் கனமான மூடி வேண்டும். மருமகன் நிறுவனம் மாற்றி ஊர் மாறினால் அதை யார் எடுத்துக்கொள்வார்கள்? 45,000 என்பது நுழைவுக் கட்டணம் மட்டுமே என்று அவனுக்கே புரிந்தது.

மாலையில் தாராவி தொண்ணூறு அடி சாலைக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சிறிய கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் தகரக் கூரை போட்ட அறையில் டிஸ்கஸ் மீன்களை ஜோடி சேர்த்துப் பொரிக்க வைக்கிறார். இரும்பு ஏணி வழியாக ஏறினால் அனல் அடித்தது. "இந்தச் சூடுதான் தம்பி இதற்குப் பிடிக்கும். 29, 30 டிகிரி" என்றார். மும்பைக் குழாய்த் தண்ணீர் தான்சா, வைதரணா, பாட்சா ஏரிகளிலிருந்து வரும் உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். அமேசான் மீனான டிஸ்கஸுக்கு அது வாகாக இருக்கிறது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் முட்டை கருக்கட்டுவதே பாடு. குளோரின் போக ஒரு நாள் காற்று விட்டு வைத்தால் போதும் என்றார்.

ஓரத் தொட்டியில் ஒரு ஜோடி. சிவப்பும் வெள்ளையுமாகத் தட்டையான வட்ட உடல். பக்கவாட்டில் எள் தெறித்தது போல ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டே குனிந்து பார்த்தால் அத்தனையும் குஞ்சுகள். தாயின் தோலில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்கின்றன. கொஞ்ச நேரத்தில் தாய் ஒரு வெட்டு வெட்டி விலகியது. அந்தரத்தில் நின்ற குஞ்சுகள் ஒரு கணம் தயங்கி, அப்படியே கூட்டமாகத் தகப்பன்மேல் போய் ஒட்டிக்கொண்டன. முறை வைத்து ஊட்டுகிறார்கள். 2010-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கோழையில் முட்டையிட்ட பிறகு புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் கண்டறிந்தார்கள். சில வாரங்களில் பெற்றோர் மெல்ல விலகிப்போய்க் குஞ்சுகளைத் தாமாகத் தின்னப் பழக்கும் என்பதையும் பதிவு செய்தார்கள். இளம் ஜோடிகள் பல முறை முட்டைகளைத் தாங்களே தின்றுவிடும் என்றார் அண்ணாச்சி. பொறுத்திருந்தால் நாலாவது, ஐந்தாவது ஈட்டில் பொறுப்பு வரும். அதுவரை அவருக்கு வருமானம் இல்லை.

இரண்டரை அங்குலக் குஞ்சுக்கு அவர் கேட்டது 500 ரூபாய். நான் பேரம் பேசவில்லை.

விலையுயர்ந்த மீன் தகுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். அந்தப் பணம் யாருடைய எந்த வேலைக்குப் போகிறது? 2018-இல் ஹிரோஷிமாவின் சாகாய் பண்ணை கோய் என்ற வண்ணக் கெண்டை ஒன்றை 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலத்தில் விற்றது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் சிலவற்றை மட்டும் கண்ணால் தேர்ந்து, வருடக்கணக்கில் வளர்த்து, போட்டியில் முதலிடம் பிடித்த மீன் அது. அந்த உயரத்தில் போட்டி போட்டு ஏற்றிய தொகையும் சேர்ந்திருக்கும், ஆனாலும் அடியில் இருப்பது பண்ணைக்காரரின் தேர்ந்த கண். டிஸ்கஸிலும் அதே கதைதான், சிறிய அளவில். நெற்றிப் புடைப்புக்கும் ராசிக்கும் கொடுக்கும் பணத்தில் எனக்கு இப்படி ஒரு கை தெரியவில்லை.

மருமகன் ஆறு குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தான். டிஸ்கஸைத் தனியாக வைத்தால் ஒடுங்கிப்போகும், கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். கண் பெரிதாக, உடல் சிறிதாக இருப்பவை வளர்ச்சி குன்றியவை என்று அண்ணாச்சியே சொல்லி இரண்டை மாற்றிக் கொடுத்தார். ஆனால் அன்றே கொடுக்க மறுத்துவிட்டார். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் விட்டால் சாகும். நாலடித் தொட்டி, இரண்டு ஃபில்டர், இரண்டு ஹீட்டர், மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் மோட்டார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தோம். மீன்கள் 3,000 ரூபாய், மற்றவை 26,000. முன்பணம் கொடுத்துவிட்டு, மீன்களை அவரிடமே விட்டு, செம்பூருக்கு பஸ் ஏறினோம். தொட்டிக்கு அளவெடுக்க அந்த வாரமே ஆள் வந்தார்.