பாம் கருவியோடு வந்த மென்பொருளே போதுமா?

பாம் (Palm) என்பது முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு எல்லாம் அடங்கிய, குச்சியால் திரையில் எழுதும் கையடக்க மின்னணுக் கருவி. அதற்கென்று வெளியார் எழுதிய மென்பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதனாலேயே பலர் கருவி கைக்கு வந்த அன்றே, கூட வந்ததை ஒதுக்கிவிட்டு வேறொன்றை ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2000இல் வெளியான பாம் த்ரீ எக்ஸ்இ ஒன்று பழையதாகக் கிடைத்தபோது, டைரியை மேசைக்குள் வைத்துவிட்டு, அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் அதன் சொந்த மென்பொருளிலேயே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

முதல் வேலை முகவரிகள். இங்கேதான் அதிக நேரம் போனது. இந்த மென்பொருள் பெயர்களைக் குடும்பப் பெயரை வைத்தே வரிசைப்படுத்தும். நமக்கோ இருப்பது இனிஷியல். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், எஸ். முருகனும் எஸ். கலைச்செல்வியும் எஸ் என்ற எழுத்தின் கீழ் கும்பலாகச் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே தலைகீழாக மாற்றினேன்: குடும்பப் பெயர்க் கட்டத்தில் முருகன், முதற்பெயர்க் கட்டத்தில் எஸ். பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கிறுக்கினாலே பட்டியல் அங்கே தாவி நிற்கிறது. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். தமிழ் எழுத்துரு இதில் இல்லை. நூற்றுக்கணக்கான பெயர்களைக் கிராஃபிட்டி எழுத்தில், அதாவது கருவி புரிந்துகொள்ளும் தனி எழுத்து வடிவில், குச்சியால் எழுதப் பொறுமை வேண்டும். நான் கணினியில் தட்டச்சு செய்து, கருவியைக் கணினியோடு இணைக்கும் தாங்கியில் உள்ள ஹாட்சிங்க் பொத்தானை (இரண்டிலும் உள்ள தகவலை ஒன்றாக்குவது) அழுத்தி ஏற்றிக்கொண்டேன்.

தேடல் வசதி எல்லா மென்பொருள்களுக்குள்ளும் ஒரே நேரத்தில் துழாவுகிறது. ஆனால் சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். ‘அண்ணாநகர்’ என்று சேர்த்து எழுதியிருந்தால், ‘நகர்’ என்று தேடும்போது அகப்படாது. இடைவெளி விட்டு எழுதியிருந்தால் அகப்படும். இது தெரிந்த பிறகு முகவரிகளை எழுதும் முறையே மாறிவிட்டது.

நாட்குறிப்பில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கருவி அணைந்திருந்தாலும் அதற்குரிய பொத்தானை அழுத்தினால் அன்றைய பக்கம் உடனே வந்து நிற்கிறது. வாரப் பார்வையில் ஒரு சந்திப்பைக் குச்சியால் இழுத்து வேறு நாளில் விட்டுவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பீட்டுப் பிரீமியம் என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், மணி அடித்து நினைவூட்டும். மாதப் பார்வையில் மட்டும் வெறும் கோடுகள்தான். அகலத்துக்கு 160 புள்ளி, உயரத்துக்கு 160 புள்ளி உள்ள திரையில் வேறென்ன எதிர்பார்ப்பது?

செய்ய வேண்டியவை பட்டியல்தான் நோஞ்சான். ஒன்று முதல் ஐந்து வரை முக்கியத்துவம் தரலாம், கெடுநாள் குறிக்கலாம். மணி அடிக்காது, திரும்பத் திரும்ப வரும் வேலையைச் சொல்லவும் வழியில்லை. மின்கட்டணம் நாட்குறிப்புக்குக் குடிபோனது இதனால்தான்.

செலவுக் கணக்கு பயணம் போகும் அமெரிக்க அலுவலர்களுக்காகச் செய்தது போலிருக்கிறது. செலவு வகைகளில் லிமோசின் உண்டு, ஆட்டோ இல்லை. பதிந்த தொகைகளைக் கருவியிலேயே கூட்டிக் காட்டவும் செய்யாது. கணினிக்குக் கொண்டுபோய் எக்செல் தாளில்தான் பார்க்க வேண்டும். இரண்டொரு பயணத்தோடு விட்டுவிட்டேன். கூட வந்த அஞ்சல் மென்பொருளையும் அப்படியே விட்டுவிட்டேன்.

குறிப்பேட்டில் ஒரு குறிப்புக்கு ஏறத்தாழ 4000 எழுத்து இடம். முதல் வரியே தலைப்பு. ரயில் நேரங்கள், மளிகைப் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாம் அதில் அடங்கின. செலவையும் அங்கேயே ஒரு வரியாக எழுதிக்கொள்கிறேன்.

வேலைப் பட்டியலுக்கு மட்டும் வெளி மென்பொருள் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு மூன்றையும் மாற்றுவதாக இல்லை.